தாரணி வெட்டிய வெளிச்சம்

நினைவு திரும்பியபோது தாரணி எடிட்டிங் அறையின் தரையில் ஒருக்களித்துக் கிடந்தாள். வலது கைக்குள் யாரோ ஒரு சாவிக்கொத்தைத் திணித்து விரல்களை மூடிப் பிடித்திருந்தார்கள். நாக்கின் ஓரம் எரிந்தது. வாயில் ரத்தம் கரித்தது. ஜன்னலுக்கு வெளியே கோடம்பாக்கத்துக் காலை எப்போதும்போல ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

முதலில் அடையாளம் தெரிந்தது சைஃபின் முகம். அவள் வெட்டுகிற டிரெய்லர்களுக்கு ஒலி சேர்ப்பவன். சில வருடங்களாக அதே மாடி அறையில் அவளோடு வேலை செய்கிறான். அவனுக்குப் பின்னால் கீழ்வீட்டு அம்மா நின்றிருந்தார். சாவி அவருடையது.

“எழுந்துக்காத. அப்டியே படு,” என்றான் சைஃப்.

“என்ன ஆச்சு?”

“கிளிம்ப்ஸை ஓட்டிப் பாத்துக்கினு இருந்த. திடீர்னு தொண்டைல ஒரு சத்தம். நான் திரும்பறதுக்குள்ள நாற்காலியோட சாஞ்சிட்ட. கை காலெல்லாம் இழுத்துக்கினு இருந்துச்சு.” அவன் விழுந்த நாற்காலியை நிமிர்த்தி வைத்தான். “இன்னா பண்றதுன்னே தெரில எனக்கு.”

கீழ்வீட்டு அம்மா சாவிக்கொத்தை அவள் விரல்களிலிருந்து மெதுவாக உருவிக்கொண்டார். “இரும்பு பட்டாத்தாம்மா நிக்கும். நல்ல வேளை நான் வீட்ல இருந்தேன்,” என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார். அவருடைய செருப்புச் சத்தம் அடங்கும்வரை தாரணிக்கு ஒரே யோசனைதான் இருந்தது. இதை அவர் யார் யாரிடம் சொல்வார்?

“சைஃப், யார்கிட்டயும் சொல்லாத.”

“சொல்லல. ஆனா நீ டாக்டர்கிட்ட போ.”

“தூங்கல, சாப்பிடல. அதான்,” என்றாள். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று அவள் மனதார விரும்பினாள்.

தாரணிக்கு இருபத்தொன்பது வயது. அவள் அப்பா வெள்ளைத்துரை தியாகராய நகரில் ரவிக்கைக்கு லைனிங் துணியும் சேலைக்கு ஃபால்ஸும் விற்கிற ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறார். அம்மா இசக்கியம்மாளும் பகலெல்லாம் அங்கேதான் இருப்பாள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து எத்தனையோ வருடமாகியும் அவளுடைய பேச்சு மட்டும் மாறவே இல்லை. மகள் சினிமாவுக்குப் போகிறேன் என்றபோது இருவரும் சில நாள் சரியாகச் சாப்பிடவில்லை. முதல் டிரெய்லர் வந்ததும் நிலைமை தலைகீழானது. ரவிக்கைத் துணியோடு நிறம் பொருத்தக் காத்திருக்கும் பெண்களிடம் இசக்கியம்மாள் போனை நீட்டுவாள். “இது எம்மவ வெட்டுனது. பாருங்க, எப்பிடி மின்னுதுன்னு.”

படத்தைத் தொகுக்கிறவர் வேறு, டிரெய்லரை வெட்டுகிறவர் வேறு என்பது வெளியில் பலருக்குத் தெரியாது. தாரணி முழுப் படம் எதையும் தொகுத்ததில்லை. படத்தை விற்கிற துண்டுகளைச் செய்வதுதான் அவள் வேலை, அதில் ஒவ்வொரு துண்டுக்கும் ஒவ்வொரு குணம் உண்டு. நாயகனின் பிறந்த நாளுக்கு விடுகிற கிளிம்ப்ஸில் கதையே இருக்காது. ஒரு நடை, ஒரு பார்வை, கடைசியில் படத்தின் பெயர், அவ்வளவுதான். டீசர் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு ஓடிவிட வேண்டும். டிரெய்லர் பாதிக் கதையைச் சொல்லி, மீதிக்காக ஆளைத் தியேட்டருக்கு வரவழைக்க வேண்டும். வெளியீட்டுக்குச் சற்று முன்பு வரும் ஸ்னீக் பீக் ஒரு முழுக் காட்சியை வெட்டாமல் எடுத்துத் தட்டில் வைப்பது. படம் வந்த பிறகு டிவிக்குப் போகும் புரோமோவிலோ ரத்தத்தைக் கழற்றிவிட்டு, அழும் அம்மாவையும் சிரிக்கும் குழந்தையையும் போட்டுக் குடும்பங்களைக் கூப்பிட வேண்டும்.

எல்லாமே அவளுக்குக் கைவந்தவை. ஆனால் அவள் பெயர் பரவியது வேறொன்றால். உச்சக்கட்டத்தில் தாளத்தின் ஒவ்வொரு அடிக்கும் திரையை வெள்ளையும் கறுப்பும் சிவப்புமாக மின்ன வைப்பாள். துப்பாக்கி வெடிக்கும், முகம் தெரியும், மறையும், தெரியும். தியேட்டரில் அந்த இடத்தில் ரசிகர்கள் நாற்காலி மேல் ஏறி நிற்பார்கள். துறையில் அதற்கு ‘தாரணி கட்’ என்றே பேர் வந்துவிட்டது. பெரிய நாயகனின் படத்தை எடுத்துக்கொண்டிருந்த இயக்குநர் அஸ்வின் அவளைத் தேடி வந்ததும் அதற்காகத்தான். அன்று காலை அவள் விழுந்தது அந்தப் படத்தின் கிளிம்ப்ஸை ஓட்டிப் பார்த்தபோது.

அடையாறில் டாக்டர் கோமளம் தலையில் ஒயர்களை ஒட்டிப் பரிசோதனை செய்தார். கண்ணுக்கு நேரே ஒரு விளக்கை வைத்து, மெதுவாகவும் வேகமாகவும் மின்ன விட்டார்கள். வேகம் ஏறியபோது தாரணியின் தோள் தானாக வெட்டி இழுத்தது. உடனே நிறுத்திவிட்டார்கள். அந்த ஒரு கணத்திலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. அதன் பிறகு டாக்டர் சொன்னதெல்லாம் தூரத்திலிருந்து கேட்டதுபோல இருந்தது.

“இது வலிப்பு நோய்தான் மா. அதுல ஒரு வகை. விட்டுவிட்டு மின்னற வெளிச்சம் சில பேரோட மூளைக்கு ஒத்துக்காது. தூக்கம் கெட்டா இன்னும் சீக்கிரம் வரும். மாத்திரை தரேன், கட்டுப்படும். என்ன வேலை பாக்கறேள்?”

தாரணி சொன்னாள். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

“நீங்க பண்ணினது ஒண்ணு காட்டுங்கோ.”

தாரணி போனை எடுத்துக் கொடுத்தாள். டாக்டர் அதைக் கையை நீட்டித் தள்ளிப் பிடித்துக்கொண்டு, சத்தமில்லாமல் பார்த்தார். கடைசிப் பகுதி வந்ததும் மேஜைமேல் கவிழ்த்து வைத்துவிட்டார்.

“நொடிக்கு மூணு தடவைக்கு மேல மின்னினா ஆபத்துன்னு சொல்லுவோம். இது அதுக்கு எவ்வளவோ மேல. சிவப்பு வேற இருக்கு, அது இன்னும் மோசம். இந்த மாதிரி எதிர்ல வந்தா கண்ணை மூடிண்டா போறாது, இமை வழியா வெளிச்சம் போகும். உள்ளங்கையால ஒரு கண்ணை முழுசா பொத்திக்கணும்.” பிறகு சாதாரணமாகக் கேட்டார். “இதை எத்தனை பேர் பாத்திருப்பா?”

வீடியோவுக்குக் கீழே எண்ணிக்கை இருந்தது. கோடிகளில். இத்தனை நாளும் அந்த எண் ஏற ஏற மகிழ்ந்திருக்கிறாள். இப்போது அதைக் குரல் தாழ்த்திச் சொன்னாள்.

வீட்டில் சொன்னபோது இசக்கியம்மாள் உடனே எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்தினாள்.

“காக்கா வலிப்பா?”

“அப்படிச் சொல்லாதம்மா. மாத்திரை போட்டா சரியாயிடும்.”

“சரியாவும்லா? அப்ப யாருக்கும் தெரிய வேண்டாம். கே.கே. நகர்க்காரவுக அடுத்த மாசம் வாரோம்னு சொல்லிருக்காவ. அவுக காதுக்கு இது போச்சுன்னா என்ன ஆவும்னு யோசிச்சியா?”

கே.கே. நகரில் பாத்திரக் கடை வைத்திருக்கும் ஒரு குடும்பத்தில் தாரணிக்கு வரன் பேசிக்கொண்டிருந்தார்கள். பையனோடு போனில் சில தடவை பேசியிருக்கிறாள். நிதானமான ஆள், பிடித்துத்தான் இருந்தது. வெள்ளைத்துரை அவளுடைய ஸ்கூட்டர் சாவியை எடுத்துப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார். பக்கத்து வீட்டில் கேட்டவர்களிடம் முட்டிவலி என்று சொல்லப்பட்டது.

அதற்குப் பிறகு அவளுடைய நாட்கள் பயத்தால் ஆனவை. குளியலறைக் கதவைத் தாழிடக் கூடாது என்று அம்மாவின் கட்டளை. அவள் குளித்து முடிக்கும்வரை இசக்கியம்மாள் வெளியே நின்று, “ஏட்டி, இருக்கியா?” என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். பால் காய்ச்ச அடுப்பருகே நிற்கும்போது, இந்த நேரம் பார்த்து வந்துவிட்டால் என்று தோன்றும். பஸ்ஸில் படியோரம் நிற்க மாட்டாள். ஒருநாள் இமை துடித்ததற்கு அரை மணி நேரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒன்றும் வரவில்லை. வராததும் நிம்மதியைத் தரவில்லை. அடுத்ததற்குக் காத்திருப்பதாகவே இருந்தது.

அதைவிட மோசமான ஒரு பழக்கமும் ஒட்டிக்கொண்டது. தான் செய்த பழைய டிரெய்லர்களைத் தேடிப் போய், வீடியோவை ஓட்டாமல், கீழே வந்த கருத்துகளை மட்டும் வாசிப்பாள். ‘தலை சுத்திருச்சு தலைவா.’ ‘கண்ணு ரெண்டும் போச்சு, வெறித்தனம்.’ ‘பாத்துட்டு மயக்கமே வந்துருச்சு.’ இவற்றையெல்லாம் முன்பு பாராட்டாக எடுத்துக்கொண்டு அம்மாவிடமும் படித்துக் காட்டியிருக்கிறாள். இப்போது எது பாராட்டு, எது உண்மை என்று பிரிக்க முடியவில்லை. ஒரு இடத்தில் ஒருவன் எழுதியிருந்தான்: ‘என் தங்கச்சி இத பாத்துக்கிட்டே கீழ விழுந்துட்டா.’ அதற்கு அடியில் வரிசையாகச் சிரிக்கிற முகங்கள். ‘அவ்ளோ மாஸ்டா’ என்று ஒருவன் பதில் போட்டிருந்தான்.

‘உங்க தங்கச்சி இப்ப எப்படி இருக்காங்க?’ என்று தாரணி எழுதினாள். அந்தக் கணக்கு எப்போதோ கைவிடப்பட்டது போலிருந்தது. பதில் வரவே இல்லை. விளையாட்டுக்கு எழுதியிருப்பான் என்று சைஃப் சொன்னான். இருக்கலாம். அவள் அந்த வரியை மனதிலிருந்து எடுக்க முடியாமல் தவித்தாள்.

அந்தச் சமயத்தில்தான் அஸ்வின் படத்தின் டிரெய்லருக்கான காட்சிகள் வந்தன.

நாயகன் போலீஸ் வண்டிகளுக்கு நடுவே நடந்து வருகிறான். சிவப்பு விளக்குகள் சுழல்கின்றன, துப்பாக்கிகள் வெடிக்கின்றன. “கடைசி இருபது நொடி உன் ஏரியா,” என்று அஸ்வின் குரல் பதிவு அனுப்பியிருந்தான். “கிளிம்ப்ஸை விட டபுளா அடி.”

அறையின் எல்லா விளக்குகளையும் போட்டு, திரையின் ஒளியைக் குறைத்து, இடது கண்ணைப் பொத்திக்கொண்டு ஒற்றைக் கையால் வெட்டினாள். மின்னல் வருகிற இடங்களைச் சைஃப் பார்த்துச் செய்தான். அந்த நேரத்தில் அவள் திரைக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டும் என்பது அவன் உத்தரவு.

“முடிஞ்சுதா?”

“இரு, திரும்பாத. இன்னும் ரெண்டு ஷாட் கீது.” சற்று நேரம் விசைப்பலகைச் சத்தம். பிறகு அவன் கேட்டான். “நீ இந்தப் பக்கம் திரும்பி உக்காந்துட்ட, சரி. பாக்கறவன் எந்தப் பக்கம் திரும்புவான்?”

அவன் குத்திக்காட்டச் சொல்லவில்லை. ஆனால் அவளுக்குள் பல நாளாக ஓடிக்கொண்டிருந்த கேள்வி அதுதான். மறுநாள் அவள் அதே டிரெய்லருக்கு இன்னொரு முடிவு செய்தாள். போலீஸ் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைகின்றன. திரை இருள்கிறது. இருட்டில் நாயகன் மூச்சு விடும் சத்தம், சரளைக்கல்லில் அவன் காலடி, யாரோ ஒருவன் துப்பாக்கியைக் கீழே போடும் சத்தம். பிறகு ஒரே ஒரு வெளிச்சம், அவன் முகம். ஒலியைச் சைஃப் மூன்று தடவை மாற்றி மாற்றிச் செய்தான்.

தயாரிப்பு நிறுவனத்தின் அலுவலகம் தியாகராய நகரில், ஒரு நகைக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது. அஸ்வினும் விளம்பரப் பொறுப்பாளர் ஸ்ரீகிருஷ்ணாவும் உட்கார்ந்திருந்தார்கள். முதலில் மின்னுகிற முடிவைப் போட்டாள். போட்டுவிட்டு, ஏதோ பையில் தேடுவதுபோலக் குனிந்துகொண்டாள்.

“இது போதும்,” என்றார் ஸ்ரீகிருஷ்ணா. “தியேட்டர் தாங்காது.”

“சார், இதை மாத்தணும்னு நினைக்கிறேன். மின்னலைக் குறைக்கணும்.”

“எதுக்கு? இதுதானே உன் கையெழுத்து?” என்றான் அஸ்வின்.

“சில பேருக்கு ஒத்துக்காது. உடம்புக்கு.”

“யாருக்கு?” ஸ்ரீகிருஷ்ணா சிரித்தார். “ரசிகனுக்கா? அவன் இதுக்காகத்தான் வர்றான் மா. இந்த இடத்துல விசில் விழலைன்னா மறுநாள் எல்லாரும் டிரெய்லர் மொக்கைன்னு எழுதிடுவாங்க. முதல் ஒரு மணி நேரத்துல எத்தனை பேர் பாக்கறாங்கங்கறதுதான் எங்க கணக்கு.”

பொதுவாகச் சொன்னால் நடக்காது என்று தெரிந்தது. அம்மா சாத்திய வாசல் கதவு நினைவுக்கு வந்தது, பாத்திரக் கடைக்காரரின் வீடு நினைவுக்கு வந்தது. கீழே தெருவில் யாரோ சலுகை விலையை மைக்கில் கூவிக்கொண்டிருந்தார்கள்.

“எனக்கு ஒத்துக்கல சார்,” என்றாள். “உங்க கிளிம்ப்ஸை வெட்டும்போதுதான் விழுந்தேன். வலிப்பு. டாக்டர் இந்த மாதிரி மின்னுற வெளிச்சத்தாலதான்னு சொல்லிட்டாங்க. என்னை மாதிரி எத்தனை பேர் இருப்பாங்கன்னு தெரியாது. அவங்கள்ல பல பேருக்கே தெரியாது. எனக்கே அன்னிக்குத்தான் தெரிஞ்சுது.”

ஸ்ரீகிருஷ்ணா தன் நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளினார். தெரிந்து செய்தாரா, தெரியாமல் செய்தாரா என்று சொல்ல முடியாது. “இப்ப ஒண்ணும் வராதில்ல?” என்று கேட்டார். பிறகு, “இதை வெளிய எங்கயும் பேசாதீங்க. படத்துக்குப் பிரச்சினையாயிடும்,” என்றார்.

அஸ்வின் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். “மின்னல் இல்லன்னா அந்த இடத்துல என்ன வைப்ப?”

இருட்டு முடிவைப் போட்டாள். அவன் இரண்டாவது தடவையும் போடச் சொன்னான்.

“இது பயமா இருக்கு. நல்லாவும் இருக்கு. ஆனா யாரும் கத்த மாட்டாங்க,” என்றான். இரண்டு முடிவுகளும் இருந்த டிரைவைத் தன் பையில் போட்டுக்கொண்டான். “நான் பாத்துக்கறேன்.”

என்ன பார்த்துக்கொள்ளப் போகிறான் என்று அவன் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் கடையை அடைக்கும் நேரத்தில் அவள் அம்மா அப்பாவிடம் நடந்ததைச் சொன்னாள். இசக்கியம்மாள் மடித்துக்கொண்டிருந்த துணியை அப்படியே போட்டுவிட்டாள்.

“சினிமாக்காரங்ககிட்ட சொன்னா ஊருக்கே சொன்னது மாதிரிதான. ஒனக்கு யாரு சொல்லச் சொன்னா? கேட்டாவளா? வெளக்கைக் கொறைன்னா கொறைக்காவ, இல்லன்னா போறாவ. ஒனக்கென்ன?”

“யாராவது விழுந்தா அது நான் வெட்டுனதுலதாம்மா விழுவாங்க.”

வெள்ளைத்துரை கதவை இறக்கிப் பூட்டினார். தெருவில் நின்றபடியே போனை எடுத்து, கே.கே. நகருக்குப் பேசினார். இசக்கியம்மாள் தடுக்கப் போனாள். அவர் கையை உயர்த்தி நிறுத்திவிட்டார். “வேற யாராவது சொல்லி நீங்க கேக்கதுக்கு முந்தி நானே சொல்லிருதேன் அண்ணாச்சி,” என்று தொடங்கி, மகளுக்கு என்ன, மருந்து என்ன, டாக்டர் என்ன சொன்னார் என்று எல்லாவற்றையும் சொன்னார். மறுபக்கம் மரியாதையாகத்தான் கேட்டுக்கொண்டார்கள். வீட்டில் கலந்து பேசிவிட்டுக் கூப்பிடுவதாகச் சொன்னார்கள். கூப்பிடவில்லை. பையன் மட்டும், ‘உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று ஒரு செய்தி அனுப்பினான். தாரணி அதை நிறைய நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நன்றி என்று பதில் போட்டாள்.

இசக்கியம்மாள் அவளோடு பேசுவதை நிறுத்தினாள். குளியலறைக் கதவுக்கு வெளியே மட்டும் வந்து நின்றாள். பெயர் சொல்லிக் கூப்பிடாமல், கதவை விரலால் தட்டுவாள். தாரணி உள்ளிருந்து தட்டுவாள். அவ்வளவுதான் பேச்சு.

டிரெய்லர் வெளியீட்டு நாள் நெருங்கியது. எந்த முடிவு போகிறது என்று தாரணி அஸ்வினுக்கு எழுதிக் கேட்டாள். அவன் படித்துவிட்டான் என்று காட்டியது, பதில் இல்லை. ஸ்ரீகிருஷ்ணா போனையே எடுக்கவில்லை. கடைசிப் பகுதியை வேறொருவரிடம் கொடுத்திருப்பதாகச் சைஃப் எங்கேயோ கேள்விப்பட்டு வந்தான்.

“யார்கிட்ட?”

“தெரில. ஆனா டைட்டில்ல உன் பேர்தான் போடறாங்களாம்.”

யாரோ இன்னும் வேகமாக மின்ன வைத்து, அதற்கு மேல் தன் பெயரையும் ஒட்டிவிட்டார்கள் என்றே நினைத்தாள். கனவில் ஒரு தியேட்டர் நிறைய ஆட்கள் நாற்காலியோடு சாய்ந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, வடபழனிப் பக்கம் ஒரு திரையரங்கில் ரசிகர்களுக்காக டிரெய்லரைத் திரையிட ஏற்பாடாகியிருந்தது. தாரணி கிளம்பியபோது இசக்கியம்மாள் சேலை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள்.

“நானும் வாரேன்.”

“கூட்டமா இருக்கும்மா.”

“அதான் வாரேன். கூட்டத்துல நீ விழுந்தா யாரு புடிக்கது?”

சைஃபையும் ஏற்றிக்கொண்டு மூவரும் ஆட்டோவில் போனார்கள். வாசலில் மேளமும் வண்ணப் பொடியுமாக இருந்தது. உள்ளே நிற்கவும் இடமில்லை. சைஃப் அவர்களைத் திரைக்கு அருகே, பக்கவாட்டில் இருந்த வெளியேறும் கதவோரம் கொண்டுபோய் நிறுத்தினான். தாரணி திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கூட்டத்தைப் பார்த்து நின்றாள். முன்வரிசைகளில் கல்லூரிப் பையன்கள், கணவன் தோளில் கைவைத்து எக்கிப் பார்க்கும் ஒரு பெண், மடியில் குழந்தையோடு ஒரு ஆள். குழந்தை ஏன் இங்கே வந்தது என்று அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது.

விளக்குகள் அணைந்தன. கூச்சல் சுவர்களில் மோதியது. டிரெய்லர் அவளுக்கு மனப்பாடம். ஒலியை வைத்தே எந்த ஷாட் ஓடுகிறது என்று சொல்ல முடியும். முகங்களின் மேல் திரையின் வெளிச்சம் நீலமாகவும் மஞ்சளாகவும் நகர்ந்தது. வில்லனின் வசனம் வந்தது. வண்டிகள் வந்து நிற்கும் சத்தம். இதோ, அந்த இடம்.

அம்மாவின் உள்ளங்கை வந்து அவள் இடது கண்ணை இறுகப் பொத்தியது. கையில் மஞ்சள் வாசனை.

“அம்மா, நான் ஸ்கிரீனையே பாக்கல.”

“பாக்காட்டி என்ன. இருக்கட்டும்.”

ஒற்றைக் கண்ணால் அவள் முகங்களைப் பார்த்தாள். எல்லா முகங்களும் வெளுத்தன. பிறகு இருண்டன. இருட்டு நீடித்தது. சைஃப் செய்த காலடிச் சத்தம் கேட்டது. மறுபடி முகங்கள் வெளுத்தன; நிதானமாக, ஒரு மூச்சு விட்டு வாங்கும் இடைவெளியில். சிவப்பு இல்லை. அவள் எண்ணிக்கொண்டே நின்றாள். ஒவ்வொரு வெளிச்சத்துக்கும் அந்தக் குழந்தை கண் சிமிட்டியது. பிறகு கொட்டாவி விட்டது.

தியேட்டர் விசிலில் அதிர்ந்தது. வழக்கமாக ஏறி நிற்கிற இடத்தில் வழக்கம்போல ஏறி நின்றார்கள். ‘ஒன்ஸ் மோர்’ என்று கத்தினார்கள். மறுபடியும் போட்டார்கள், இன்னொரு தடவையும் போட்டார்கள். ஒருவரும் விழவில்லை. ஆரம்பத்தில் எச்சரிக்கை வாசகம் ஒன்று வந்தது என்று சைஃப் சொன்னான். பொடி எழுத்து, வாசிப்பதற்குள் போய்விட்டது.

வெளியே வராந்தாவில் அஸ்வின் அவளைத் தேடி வந்தான். சட்டையெல்லாம் வண்ணப் பொடி.

“ரெண்டையும் கலந்துட்டேன்,” என்றான். “நீ வெச்ச இருட்டை முழுசா வெச்சிருக்கலாம். எனக்கு தைரியம் வரல.”

“நெட்ல, போனுக்குப் போறது?”

“அதுவும் இதேதான். ஸ்ரீகிருஷ்ணா சாருக்குக் கோவம்.” அவன் இசக்கியம்மாளைப் பார்த்து, “அம்மாவா? வணக்கம்மா,” என்றான்.

இசக்கியம்மாள் தலையை மட்டும் அசைத்தாள். ஆட்டோவில் பாதி தூரம் வந்த பிறகு, “ஆளு நல்லவனாத்தான் தெரியுதான்,” என்றாள். பிறகு, “நாக்கு வறண்டு போச்சு. எங்கயாவது எளநி இருந்தா நிறுத்தச் சொல்லு,” என்றாள். அதோடு அவர்களுக்குள் பேச்சு திரும்பியது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்வதற்கில்லை. இணையத்தில் ‘தாரணி டச் மிஸ்ஸிங்’ என்று பலர் எழுதினார்கள். அந்தப் படத்தின் ஸ்னீக் பீக்கும் டிவி புரோமோவும் வேறு இடத்துக்குப் போயின. அந்த நிறுவனம் அதன்பிறகு அவளைக் கூப்பிடவில்லை. அஸ்வின் மட்டும் அவ்வப்போது ஏதாவது ஒரு காட்சியை அனுப்பிக் கருத்துக் கேட்பான். இப்போது யார் வேலையோடு வந்தாலும், மின்னல் எவ்வளவு வைப்பேன், எவ்வளவு வைக்க மாட்டேன் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறாள். காரணத்தையும் சொல்கிறாள். சிலர் தலையாட்டிவிட்டு அதோடு காணாமல் போகிறார்கள். காதல் படங்களும் குடும்பப் படங்களும் வருகின்றன. ஒரு பேய்ப் படத்துக்கு அவள் செய்த டீசர், பெரும்பகுதி இருட்டிலேயே ஓடுவது, நன்றாகப் பேசப்பட்டது. ஒரு காலையில் கை தானாக வெட்டி இழுத்து, பிடித்திருந்த டம்ளர் துள்ளி விழுந்தது. டாக்டர் கோமளம் மாத்திரையின் அளவைக் கூட்டினார். பயம் போகவில்லை. அதோடு வேலைக்குப் போய்வர மட்டும் அவளுக்குப் பழகியிருக்கிறது. பழைய டிரெய்லர்கள் இன்னும் எல்லார் போனிலும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. எடுத்துவிடச் சொல்லி அந்தந்த நிறுவனங்களுக்கு எழுதினாள். எச்சரிக்கை வரி சேர்ப்பதாக ஒரே ஒரு இடத்திலிருந்து பதில் வந்தது.

போன மாதம் மருந்துச் சீட்டை மாற்றிக்கொண்டு அடையாறிலிருந்து பஸ்ஸில் திரும்பினாள். பிற்பகல். ஜன்னலோர இருக்கை. ஒரு சாலையில் வரிசையாக மரங்கள். பஸ் வேகமெடுத்தபோது, சாய்ந்த வெயில் மரங்களுக்கு நடுவே புகுந்து புகுந்து அவள் முகத்தில் அடித்தது. உள்ளங்கையால் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டாள். பக்கத்தில் காய்கறிப் பையோடு ஒரு நடுத்தர வயதுப் பெண் உட்கார்ந்திருந்தார்.

“அக்கா, இடம் மாத்திக்கலாமா? இந்த வெயில் விட்டுவிட்டு அடிக்குது. எனக்கு வலிப்பு உண்டு, இந்த மாதிரி வெளிச்சம் ஆகாது.”

அந்தப் பெண் அவளை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்.

“இத ஏறுன ஒடனே சொல்லக்கூடாதா? இப்டி வா. கம்பியப் புடிச்சுக்கினு வா.”